முன்னாள் மாணவர் மலர் போடும் நாகர்கோவில் அச்சகம்: அச்சு அருமை, ‘முழுப் பொறுப்பு’ வேண்டாம்

பொன்விழாவோ பேட்ச் சங்கமமோ, எதற்காக மலர் போட்டாலும் கையில் வாங்கியதும் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான்: நம்ம செட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள். வாழ்த்துச் செய்திகளை எழுதியவரே மறுபடி படிப்பதில்லை. ஆகவே நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் இருக்கும் இந்த அச்சகத்தை அந்த ஒரு பகுதியை வைத்தே மதிப்பிடுகிறோம். பெயரைப் போடவில்லை. குறைகளில் பாதி, மாவட்டத்தில் மலர் போடும் எந்த பிரஸுக்கும் பொருந்தும்.

மூன்று விதமாக வேலை எடுக்கிறார்கள். நீங்கள் பக்கம் முடித்த பி.டி.எஃப். கொடுத்தால் அச்சும் பைண்டிங்கும் மட்டும். எழுத்துப்பிரதி கொடுத்தால் டைப்பிங், பக்க வடிவமைப்பு, அச்சு. மூன்றாவது ‘முழுப் பொறுப்பு’: பெயர்ப் பட்டியலும் போன் எண்ணும் கொடுத்தால் போதும், அவர்களே ஆள் வைத்துப் பேசி, விவரம் வாங்கி, எழுதி, அச்சடித்துத் தருவார்கள். “நீங்க கவர் மட்டும் பாருங்க சார், உள்ளே எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்” என்பார்கள். விழாக் குழுவில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மூன்றாவதில்தான் விழுகிறார்கள். கூடாது. இரண்டாவதை எடுங்கள். ஆர்ட் டைரக்டர் போல ஒரு பையன் குழுவில் இருந்தால் முதலாவது இன்னும் நல்லது.

மூன்றாவது ஏன் கூடாது? விவரம் திரட்டப் பேசும் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியும் தெரியாது, அந்தக் காலமும் தெரியாது. “இப்ப என்ன பண்றீங்க சார்?” என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதுகிறார்கள். விளைவு, பக்கம் பக்கமாக ‘தனியார் நிறுவனத்தில் பணி’, ‘வெளிநாட்டில் பணி’, ‘ஓய்வு’, ‘இல்லத்தரசி’. இதைப் படித்து யாருக்கு யாரைத் தெரியும்? கூடப் படித்த பெண்களை வீட்டு நம்பரில் கூப்பிட்டால் எடுப்பது பெரும்பாலும் கணவர். அவர் சொல்வது ‘ஹவுஸ் ஒய்ஃப்’. அந்த அம்மா பதினைந்து வருஷம் சவுதியில் நர்சாக இருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவராக இருக்கலாம், இன்றும் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவராக இருக்கலாம். மலரில் ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

ஒழுங்காகக் கேட்டால் வரும் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘பி.எஸ்சி. இயற்பியல், 1984–87. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஒப்பந்தப் பணி 2 ஆண்டு. 1991 முதல் 2012 வரை துபாயில் குளிர்சாதனப் பராமரிப்பு. 2013 முதல் திங்கள்சந்தையில் சொந்த சர்வீஸ் கடை. வீடு தலக்குளம். மகள் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்.’ முப்பத்தைந்து சொல்கூட இல்லை. ஆனால் கூடப் படித்தவன் இதைப் படித்தால் மறுநாள் கடைக்குப் போய் நிற்பான்.

இதற்குப் படிவம் நீங்களே போட வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர், கல்லூரியில் கூப்பிட்ட பெயர், அப்பா பெயர் அல்லது சொந்த ஊர், படிப்பு, சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, இப்போதைய வேலையும் அது எந்த ஆண்டிலிருந்து என்பதும், இதற்கு முன் பார்த்த வேலைகள், இப்போது இருக்கும் ஊர், படிவம் நிரப்பிய தேதி. கடைசியில் ஒரு கட்டம்: போன் எண்ணை அச்சிடலாமா, வேண்டாமா. தனிநபர் விவரத்துக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் எண்களை ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்தால் சீட்டுக் கம்பெனியும் இன்சூரன்ஸும் விடாது. கூகுள் ஃபார்ம் ஒன்று, அதே கேள்விகளோடு ஒரு பக்கத் தாள் ஒன்று என்று இரண்டும் வேண்டும். 1975க்கு முன் படித்தவர்களில் பலர் தாளில்தான் எழுதுவார்கள். எழுதுவது இளையவர்களைவிட நன்றாகவும் இருக்கும்.

சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு இரண்டும் கேட்பதில் விஷயம் இருக்கிறது. ‘87 பேட்ச்’ என்று ஒருவர் சொன்னால் சிலருக்கு அது சேர்ந்த வருஷம், சிலருக்கு வெளியே வந்த வருஷம். அச்சகத்துப் பிள்ளைகள் ஒரே எண்ணை எழுதி வைப்பதால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவர் மூன்று வருஷ இடைவெளியில் போய் விழுகிறார்கள். மலர் முழுக்க முடித்த ஆண்டை வைத்து அடுக்குவதுதான் வழக்கம். அரியர் வைத்து இரண்டு வருஷம் கழித்துப் பட்டம் வாங்கியவரையும் அவர் செட்டோடு சேருங்கள், சான்றிதழ் ஆண்டோடு அல்ல.

பட்டப் படிப்புக்கு முன் கல்லூரியிலேயே நடந்த புகுமுக வகுப்பு மட்டும் படித்தவர்களைக் கல்லூரி கொடுக்கும் பட்டதாரிப் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். முதலில் இண்டர்மீடியட், பிறகு பி.யு.சி., 1978இல் மேல்நிலை வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் அதுவும் போயிற்று. ஒரே ஒரு வருஷம் பி.யு.சி. படித்துவிட்டு பொறியியலுக்கோ போலீஸுக்கோ போனவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். நன்கொடை என்று வந்தால் முதலில் கை நீட்டுவதும் அவர்கள்தான். அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து அவர்களைத் தனியாக எடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரில் இந்த அச்சகம் மட்டுமல்ல, கல்லூரிகளே சறுக்குகின்றன. எல்லாருக்கும் ‘மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்’ என்று ஒரே அச்சு விழுகிறது. அந்தப் பல்கலைக்கழகம் வந்ததே 1990இல். அதற்கு முன் மதுரை. 1966இல் தொடங்கி, 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. அதற்கும் முன் சென்னை. 1956 நவம்பர் 1இல் குமரி தாய்த் தமிழகத்தோடு சேருமுன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். அது 1937இல் வந்தது, 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இலிருந்து இருப்பதால் அங்கே படித்தவர்களின் பட்டியலில் இத்தனை பெயரும் வரும். தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இல் தொடங்கியது, முதல் சில செட்டுகளுக்குச் சிக்கல் உண்டு. மார்த்தாண்டம் நேசமணி கல்லூரி 1964, நாகர்கோவில் ஹோலி கிராஸ் 1965; இவற்றுக்குச் சென்னையிலிருந்து கணக்கு. மாற்றம் நடந்த வருஷங்களில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சான்றிதழைப் பார்த்தே எழுத வேண்டும், ஊகம் ஆகாது. அவ்வளவு பேரிடம் கேட்க முடியாது என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரையே போடாதீர்கள். தப்பாகப் போடுவதற்கு அது மேல்.

அடுத்து பெயர். ஒரே செட்டில் இரண்டு ராஜன், மூன்று ஜெயா இருப்பது இங்கே சாதாரணம். இனிஷியல் போதாது, ஊர் வேண்டும்: ‘இரணியல் ராஜன்’, ‘அருமனை ராஜன்’ என்றால்தான் ஆள் தெரியும். கல்யாணமான பெண்களுக்குப் படித்தபோது இருந்த இனிஷியலை முன்னால் போட்டு, இப்போதையதை அடைப்புக்குறியில் கொடுங்கள். வளைகுடா போனவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்ந்து ஓடும். அதை அப்படியே எழுதினால் அவருடைய மனைவிக்கே சந்தேகம் வரும்.

அகரவரிசை ஒரு பெரிய வலை. அச்சகத்தில் கணினியில் ‘சார்ட்’ (தானாக வரிசைப்படுத்தும் கட்டளை) அடித்துவிட்டுச் சரி என்கிறார்கள். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்ணின் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ழ என்பது வ-வுக்கு முன்னும் இருக்கிறது. கமலாவுக்கு முன் கனகம் வந்துவிடும், பவானிக்கு முன் பழனி வந்துவிடும். ‘ஸ்ரீ’யில் இன்னொரு தொல்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு விதமாக எழுதலாம், ஆகவே ஸ்ரீகுமார்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடப்பார்கள். ‘ஒ’கரக் குறியை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எக்செல் தாளில் கடைசிப் பத்தியாக வரிசை எண் ஒன்றைக் கையால் போட்டு அதை வைத்து அடுக்கச் சொல்வதுதான் வழி. போன் எண் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 91 சேர்த்து எழுதிய 12 இலக்க எண்களை எக்செல் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும், சில அப்படியே மலருக்கும் போய்விடும்.

குறிப்புகளின் தேதியை இந்த அச்சகம் அச்சிடுவதே இல்லை, கேட்டாலும் ‘இடம் வேஸ்ட்’ என்கிறது. விடாதீர்கள். விவரம் திரட்டத் தொடங்கி மலர் கைக்கு வர எட்டு மாதம், ஒரு வருஷம் ஆகும். அதற்குள் வேலை மாறும், பதவி உயர்வு வரும், ஒருவர் இறந்தும் போவார். ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் ‘விவரங்கள் இன்ன மாதம் வரை’ என்று ஒரு வரி போட்டால் பாதி மனத்தாங்கல் வராது. மறைந்தவர்களின் பட்டியலை மட்டும் கடைசி புரூப் (திருத்தம் பார்க்கத் தரும் மாதிரிப் பிரதி) வரை திறந்தே வையுங்கள். செட்டுக்கு இரண்டு பேர் உறுதிசெய்யாமல் யாரையும் அதில் சேர்க்காதீர்கள். உயிரோடு இருப்பவரை மறைந்தவராக அச்சடித்த மலரை வாபஸ் வாங்கவும் முடியாது, மேலே ஸ்டிக்கர் ஒட்டவும் முடியாது.

இனி அச்சகத்தின் சொந்த வேலை. டைப்பிங் பிரிவு இன்னும் பாமினி எழுத்துருவில் ஓடுகிறது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. பேஜ்மேக்கர் காலத்துப் பழக்கம். வாட்ஸ்அப்பில் வரும் குறிப்புகள் யூனிகோடு. அவற்றைப் பாமினிக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது எமோஜி கட்டமாகும், அது பரவாயில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குப் பாமினி பட்டால் முழுக்கத் தமிழ்க் குப்பையாகிவிடும். கேட்டு வாங்குங்கள்: இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடிலேயே பக்கம் போடத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார். அவரும் அதில் இந்திய எழுத்துகளுக்கான ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளிகள் நகரும். முதல் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த ஆள் போட்ட பக்கங்கள் உண்மையிலேயே அழகு. வரி இடைவெளி நெரிசல் இல்லை, போட்டோவும் குறிப்பும் பிரிவதில்லை, ஒருவருடைய குறிப்பு பக்கம் தாண்டி ஓடுவதில்லை.

புரூப் இரண்டு முறை தருகிறார்கள். மூன்றாவதுக்குக் காசு. முதல் புரூப்பைச் செட் பொறுப்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். இரண்டாவதை ஒரே ஆள் முழுக்கப் பார்க்க வேண்டும். முதல் திருத்தத்தில் ஒரு வரி கூடினால் கீழே உள்ளவர்களெல்லாம் நகர்ந்து, போட்டோ ஒருவருடையதும் பெயர் இன்னொருவருடையதுமாகிவிடும். அச்சுத் தகடு (பிளேட்) போட்ட பிறகு திருத்தம் என்றால் பிளேட் செலவு உங்கள் தலையில். நியாயம்தான்.

போட்டோ விஷயத்தில் அச்சகம் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ‘வாட்ஸ்அப் போட்டோ எல்லாம் ஆகாது’ என்பார்கள். இரண்டரை செ.மீ. அகலத்தில் போடும் முகப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 300 பிக்சல் அகலம் போதும். வாட்ஸ்அப் சுருக்கினாலும் அதற்கு மேல் இருக்கும். ஆனால் குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்தால் அந்த 300 கிடைக்காது. பக்க அகலம் முழுக்க வரும் பழைய குரூப் படத்துக்குக் குறைந்தது 1500 பிக்சல் வேண்டும். அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினல் கிடைத்தால் ஸ்கேன் செய்யுங்கள், போனில் படத்தைப் படம் பிடித்தால் லைட் அடித்து நடுவில் வெள்ளைப் பட்டை விழும். குரூப் படத்துக்குக் கீழே பெயர்களை ‘உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று வரிசைப்படுத்தும்போது, தெரியாத முகத்துக்குக் கோடு போட்டு விடுங்கள். ஒருவரை விட்டால் அடுத்த அத்தனை பேரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள்.

அச்சிலும் பைண்டிங்கிலும்தான் இவர்களுக்கு முழு மதிப்பெண். டெம்மி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில், ஒரே தாளில் அச்சாகி மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. பக்கத்துக்கு நால்வர் என்று வைத்தால் 400 பேருக்கு 100 பக்கம், முன்னுரை, விளம்பரத்துக்கு 12, ஆக 112 பக்கம், சரியாக 7 ஃபாரம். 114 என்று போய் நின்றால் இரண்டு பக்கத்துக்காக ஒரு துண்டு ஃபாரம் ஓட்ட வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வாழ்த்தைக் குறையுங்கள். உள்ளே 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத சாதாரண வெள்ளைத் தாள், போதும். முழுக்க ஆர்ட் பேப்பர் போடச் சொல்லி ஆசை காட்டுவார்கள். வேண்டாம். கனம் கூடும், தபால் செலவு கூடும், டியூப் லைட் வெளிச்சத்தில் வயதானவர்கள் கண்ணுக்குப் பளபளக்கும். கலர்ப் படங்களை ஒரே இடத்தில் 8 அல்லது 16 பக்கமாகச் சேர்த்து அதற்கு மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் போடுங்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் ஆர்ட் பேப்பரில் மை காயத் தாமதமாகும், அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு பக்கத்து மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். இவர்கள் காயவிட்டுத்தான் மடிக்கிறார்கள், அதற்காக ஒரு நாள் கூடக் கேட்டால் கொடுங்கள்.

பைண்டிங்கில் பசை பைண்டிங், தையல் இரண்டும் உண்டு. மலரை வாரக்கணக்கில் கை மாற்றி மாற்றி விரிப்பார்கள். பசை மட்டும் என்றால் நடுப்பக்கம் கழன்று வரும், ஆர்ட் பேப்பர் பகுதிதான் முதலில். ஃபாரம் ஃபாரமாகத் தைத்து அதன்மேல் அட்டை ஒட்டச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடும், இங்கே தையல் கெட்டி. 112 பக்கத்துக்கு முதுகு 5 மி.மீ. சுமாருக்கே வரும், எனவே முதுகில் சின்ன எழுத்தில் ஒரு வரிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். உள் ஓரத்தில் 18 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடவில்லை என்றால் வரியின் முதலெழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். இருநூறு முன்னூறு பிரதிக்குள் போதும் என்றால் பிளேட் போட்டு ஓட்டும் ஆஃப்செட்டே வேண்டாம், டிஜிட்டல் பிரிண்ட் கட்டுபடியாகும்.

நேரம் தவறுவதில் இந்த அச்சகம் பேர்போனது, ஆனால் முழுக் குற்றமும் அவர்களுடையது அல்ல. வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள் என்று சங்கமத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வைப்பார்கள். நவம்பர், டிசம்பரில் காலண்டர், டைரி, கிறிஸ்துமஸ் கார்டு, கோட்டாறு சவேரியார் திருவிழா நோட்டீஸ் என்று இங்குள்ள எந்த பிரஸிலும் இயந்திரம் நிற்காது. தை பிறந்தால் கல்யாணக் கார்டு. டிசம்பர் 26க்கு மலர் வேண்டுமென்றால் செப்டம்பர் முடிவில் எழுத்துப்பிரதி போக வேண்டும், அக்டோபருக்குள் இரண்டு புரூப்பும் முடிய வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஓணத்தை ஒட்டி வைக்கும் சங்கமத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

விலையை எழுதிப் பயனில்லை, தாள் விலை ஏறி இறங்கும். கொட்டேஷனில் எதெல்லாம் தனியாக எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் பாருங்கள்: டைப்பிங் பக்கக் கணக்கா சொல் கணக்கா, பிளேட், கலர் ஃபாரம் எத்தனை, அட்டை 300 ஜி.எஸ்.எம்.மா, மேட் லேமினேஷன் உண்டா, தையல் கூலி, வரி, விழா மண்டபத்துக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி வாடகை. ‘மொத்தமாக இவ்வளவு’ என்று ஒரே தொகை சொன்னால் மறுபடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

முன்பணம் பாதி, மீதி பொதி பிரித்துப் பார்த்த பிறகு. மேலே உள்ள பிரதியை மட்டும் பார்க்காமல், கட்டின் நடுவிலிருந்து நாலைந்து எடுத்து ஃபாரம் வரிசை மாறியிருக்கிறதா, வெற்றுப் பக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் பி.டி.எஃப். மட்டுமல்ல, திறந்த இன்டிசைன் கோப்பையும் எழுத்துருக்களையும் எக்செல் தாளையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பி.டி.எஃப்.ஐ மட்டும் தந்து அனுப்பும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. அடுத்த மலருக்கு மறுபடி முதலிலிருந்து டைப்பிங் கூலி வாங்கலாம் பாருங்கள். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று நாக் (கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் தேசிய அமைப்பு) ஆய்வுக் கோப்புக்கு. முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று அவர்கள் மதிப்பீட்டில் தனிப் பிரிவே இருப்பதால், அச்சிட்ட ஆண்டும் மாதமும் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.